வசந்தத்துக்கு ஒரு கல்வெட்டு

கோப்பாயில் ஒருவர் இறந்தால் முதலில் ஐயருக்குச் சொல்வார்கள். இரண்டாவது பந்தல்காரருக்கு. மூன்றாவது அருளம்பலத்தாருக்கு. சில வீடுகளில் இந்த வரிசை மாறி, மூச்சு நிற்பதற்கு முன்னரே அருளம்பலத்தாருக்கு ஆள் போயிருக்கிறது. அதை அவர் பெருமையாகச் சொல்வார். நான் பெருமையாகக் கேட்கவில்லை.

அவர் கல்வெட்டு எழுதுகிறவர். கல்வெட்டு என்றால் கல்லில் வெட்டுவதல்ல. இறந்தவரின் முப்பத்தோராம் நாளில், சாப்பிட வந்தவர்களின் கையில் கொடுக்கும் சின்னப் புத்தகம். அட்டையில் இறந்தவரின் படம், உள்ளே பாட்டு. கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜராக இருந்த காலத்திலேயே தொடங்கி, ஓய்வு பெற்ற பிறகும் விடாமல், நாற்பத்தொரு வருடத்தில் ஆயிரத்து நூற்றுச் சொச்சம் பேரை அவர் பாட்டில் அனுப்பி வைத்திருக்கிறார்.

அந்தப் புத்தகத்துக்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் பிள்ளையாருக்கு ஒரு பாட்டு. பிறகு ஊரின் வளம். பிறகு இறந்தவர் இன்னாருக்கு மகனாகப் பிறந்தது, படித்தது, உத்தியோகம், கலியாணம், பிள்ளைகள், பிள்ளைகள் இருக்கும் நாடுகள். அதன்பின் நோய் வருத்தம், வைத்தியர் கைவிட்டது. நடுவில் இறந்த நாளையும் திதியையும் சொல்லும் ஒரு வெண்பா. அதற்குப் பிறகு வரிசையாகப் புலம்பல்: மனைவி, மக்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகள். ரொறன்ரோவில் பிறந்து, தமிழில் தண்ணீர் கேட்கத் தெரியாத பேரப்பிள்ளையும் அருளம்பலத்தாரின் புத்தகத்தில் தளை தட்டாமல் அழும்.

முப்பத்தோராம் நாள் அதை அவரே வாசிப்பார். தொண்டையை இரண்டு தரம் செருமுவார், ராகம் இழுப்பார். திதி வெண்பா முடிந்ததும் நிறுத்துவார். அந்த இடத்தில் பெண்கள் அழவேண்டும். ஆட்கள் ஏறி முடியும்வரை பஸ்காரர் நிற்பதுபோல அழுகை முடியும்வரை நின்று, பிறகு எடுத்துச் செல்வார்.

புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் அச்சகத்தின் பெயரும் தொலைபேசி இலக்கமும் இருக்கும். எழுதியவரின் பெயர் இராது. செத்தவீட்டில் தன் பெயரைப் போடுவது அழகல்ல என்று யாரோ தொடக்கத்தில் சொல்லிவிட்டார்கள். அவரும் ஓம் என்றுவிட்டார். நாற்பத்தொரு வருடம் அப்படியே போய்விட்டது.

இந்தத் தொழிலால் அவருக்குக் கிடைத்தது ஒரு விதமான மரியாதை. கலியாண வீட்டில் அவரைப் பின்வரிசையில் இருத்துவார்கள். சந்தையில் யாராவது இருமினால் அவர் திரும்பிப் பார்ப்பார். பார்க்கப்பட்டவர் நேரே போய்ப் பிறசர் பார்ப்பார். நல்ல மனதோடு நோயாளிகளைப் பார்க்கப் போனவர்தான். ஆனால் அவர் தலை வாசல் படலையில் தெரிந்தால், "அப்பா நித்திரை" என்று உள்ளே இருந்து சத்தம் வரும்.

போன தையில் கிணற்றடியில் வழுக்கி விழுந்து அவருடைய இடுப்பெலும்பு முறிந்தது. மனைவி இறந்து ஒன்பது வருடம். அவவுக்கும் கல்வெட்டு எழுதியவர் அவர்தான். மகள் சுபாஜினி கனடாவில். அவரைப் பார்த்துக்கொள்ள அவதான் என்னை ஒழுங்குபடுத்தினா. நான் குருநகர் ஆள், லூர்த்தம்மா. பராமரிப்புப் பயிற்சி எடுத்த சான்றிதழ் இருக்கிறது. பதினாறு வருடம் வேலை செய்த அனுபவமும் இருக்கிறது. கிழமை நாட்களில் கோப்பாயில் தங்குவேன், ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வீட்டுக்குப் போவேன்.

முதல் நாள் அவரைத் துடைத்துவிடப் போனபோது, என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"உங்கடை தகப்பன்ரை பேர்?"

"யாகோப்பு. ஏன் ஐயா?"

"சும்மாதான். உங்கடை பேர் பாட்டுக்குள்ளை சுகமாய் வரும். தகப்பன்ரை பேர்தான் எதுகைக்குக் கஷ்டம்."

"நான் இப்போதைக்குப் போறதாயில்லை ஐயா. கையைத் தூக்குங்கோ."

பங்குனி நடுவில் சுதாகரன் வந்தான். அவன் இந்த ஒழுங்கையின், இந்தச் சின்னத் தெருவின், சனசமூக நிலையச் செயலாளர். நாற்பது வயது. ஒரு காதில் எப்போதும் போன். நிலையத்தின் ஆண்டு விழா சித்திரைக் கடைசிச் சனிக்கிழமை, அதில் ஒரு கவியரங்கம், தலைப்பு 'இளவேனில் இன்பம்'.

"அஞ்சு பேரைப் போட்டனாங்கள் ஐயா. ஒருத்தருக்கு லண்டன் விசா வந்திட்டுது. அதுதான் உங்களிட்டை வந்தனான்."

"வசந்தம் பாடவேணும். அப்பிடித்தானே?"

"ஓம் ஐயா. பத்து நிமிசம். சந்தோசமாய் இருக்கவேணும்."

"வசந்தம் எண்டால் சந்தோசம்தானே தம்பி."

"அது சரி. எண்டாலும் உங்களைத் தெரியும்தானே." சுதாகரன் போனைக் காதிலிருந்து எடுத்தான். அது பெரிய மரியாதை. "ஒருத்தரையும் சாகடிச்சுப் போடாதேங்கோ. தலைமை தாங்கிறவர் பைபாஸ் செய்த ஆள்."

அருளம்பலத்தார் சிரிக்கவில்லை. பின்னேரம் நான் கால் பிடித்துவிடும்போது சொன்னார்.

"நோட்டீசிலை பேர் வரும், லூர்த்தம்மா."

"வரட்டும்."

"உங்களுக்கு விளங்கேல்லை. ஆயிரத்து நூறு புத்தகம் எழுதினன். ஒண்டிலையும் பேரில்லை. இது ஒருக்கால் வருகுது. இது பிழைச்சால் நான் கல்வெட்டுக்காரன்தான். இனி ஒருத்தரும் கூப்பிடாயினம்."

நோட்டீஸ் வந்தது. தலைவரோடு சேர்த்து ஆறு பெயரில் கடைசிப் பெயர்: கவிஞர் கோப்பாய் அருளம்பலம். அதைச் சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் ஒட்டச் சொன்னார். முருகனுக்கும் கலண்டருக்கும் நடுவில் ஒட்டினேன்.

மறுநாள் தொடங்கினார். வசந்தத்தைப் பற்றி எழுதுவதற்காக முதலில் ஜன்னலைச் சாத்தச் சொன்னார்.

"ஏன் ஐயா?"

"வெக்கை வருகுது. வசந்தத்தை யோசிக்க ஏலாமல் கிடக்கு."

வெளியில் வேம்பு பூத்துக் கொட்டியது. பக்கத்து வளவு மாமரத்தில் குயில் ஒன்று விடியற்காலை நாலு மணிக்கே தொடங்கி ஒருவரையும் படுக்க விடாமல் கத்தியது. கறுத்தக்கொழும்பான் மாங்காய் பழுத்து விழுந்தது. இதையெல்லாம் ஜன்னலுக்கு அப்பால் விட்டுவிட்டு அருளம்பலத்தார் சுவரைப் பார்த்தபடி தென்றல், முல்லை, தாமரைத் தடாகம் என்று எழுதினார். கோப்பாயில் அந்த மாதத்தில் காற்றே இல்லை. தாமரை எங்கே இருக்கிறது என்று கேட்டதற்கு, "கவிதையிலை இருக்கு" என்றார்.

சுபாஜினி கனடாவிலிருந்து வீடியோவில் கதைத்தா. "அப்பா, இஞ்சை ஸ்பிரிங் வந்திட்டுது" என்று போனைத் திருப்பி முற்றத்தைக் காட்டினா. கருகிய புல்லும், அழுக்காய் உருகும் பனியும், மேல்சட்டை போட்ட நாயொன்றும் தெரிந்தன. அன்றைக்குப் பின்னேரம் அவருடைய கொப்பியில் 'பனிமலை உருகிப் பாய்ந்தது' என்று ஒரு வரி இருந்தது.

"ஐயா, கோப்பாயிலை பனிமலை உருகினால் சனம் மூட்டை கட்டிக்கொண்டெல்லே ஓடும்."

வெட்டினார். முகம் மட்டும் எனக்கு மூன்று மணித்தியாலம் காட்டப்படவில்லை.

மூன்றாம் கிழமை முடிவில் எழுதி முடித்துவிட்டேன் என்றார். என்னைக் கதிரையில் இருக்கச் சொன்னார். தொண்டையை இரண்டு தரம் செருமினார்.

முதல் பாட்டு பிள்ளையாருக்கு. இரண்டாவது கோப்பாயின் வளம். மூன்றாவதில் பங்குனி என்னும் தாய் வயிற்றில் வசந்தன் பிறந்தான். நாலாவதில் தென்றல் என்னும் நங்கையை நல்ல முகூர்த்தத்தில் கைப்பிடித்தான். மல்லிகை, முல்லை, மாம்பூ என மூன்று மக்கள். வண்டுகள் மருமக்கள்.

"ஐயா, கொஞ்சம் நில்லுங்கோ. அஞ்சாம் பாட்டிலை காய்ச்சல் எண்டு வருகுதே?"

"கோடை வெப்பம். உருவகம்."

"மருந்து பலிக்கேல்லை எண்டும் வருகுது."

"மழை பெய்யேல்லை. அதுவும் உருவகம். குறுக்கை கதையாதேங்கோ."

பிறகு ராகத்தை இழுத்து ஒரு வெண்பாவைப் படித்தார்.

சித்திரையும் வைகாசி சேர்ந்திரண்டு மாதமே
இத்தரையில் வாழ்ந்திருந்த இன்வசந்தம் - எத்திசையும்
ஓலம் எழவே ஒருமொழி சொல்லாமல்
காலன்பின் சென்ற கதை.

படித்து நிறுத்தினார். கொப்பியைத் தாழ்த்தினார். காத்திருந்தார்.

நான் அழவில்லை. அவர் இன்னும் கொஞ்சம் காத்திருந்தார்.

"ஐயா," என்றேன், "இது வசந்தத்தின்ரை கல்வெட்டு."

"என்ன?"

"வசந்தம் பிறந்து, கலியாணம் கட்டி, காய்ச்சல் வந்து, செத்துப்போச்சு. இனிப் பெண்சாதி தென்றல் புலம்பவேணும். அதுக்குப் பிறகு மருமக்கள் வண்டுகள். எழுதியிருக்கிறியளோ?"

எழுதியிருந்தார். கொப்பியைப் பறித்துப் பார்த்தேன். பக்கம் முழுக்க இப்படித்தான்: மாங்குயிலே கூவாயோ, மல்லிகையே பூவாயோ, பூங்காற்றே நீயினிமேல் இம்முற்றம் வாராயோ. வரிக்கு வரி ஓ. எனக்கு இலக்கணம் தெரியாது. ஆனால் அறுபத்தெட்டு வருடத்தில் குருநகரில் எத்தனையோ செத்தவீடு பார்த்திருக்கிறேன். பெண்கள் நெஞ்சிலடித்துச் சொல்லும் சொல்லெல்லாம் அந்த ஓவில்தான் போய் முடியும்.

"இந்த ஓவை எடுத்துவிடுங்கோ ஐயா. இதுதான் அழுகுது."

"அதை எடுத்தால் வரி நொண்டும்."

"அழுகிறதிலும் பார்க்க நொண்டுறது நல்லது."

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். மத்தியானம் சாப்பிடவில்லை. நான் கெஞ்சவில்லை. சோற்றை மூடி வைத்துவிட்டு, மூன்று மணிக்குத் தேத்தண்ணியோடு இரண்டு பிஸ்கட் வைத்தேன். பிஸ்கட் போயிருந்தது.

அடுத்த நாள் ஓவை எல்லாம் எடுத்துப் பார்த்தார். கூவாய், பூவாய், வாராய் என்றாக்கினார். வசந்தத்தை வேலைக்கு அனுப்புவதுபோல இருந்தது. பிள்ளையாரைத் தூக்கினார், கலியாணத்தைத் தூக்கினார், சாவைத் தூக்கினார். கொப்பியில் இரண்டு வரிதான் மிஞ்சியது. அன்றைக்கென்று அச்சகக்காரர் போன் எடுத்தார். சண்டிலிப்பாயில் ஒரு புகையிலைத் தோட்டக்காரர் போய்விட்டார், வெள்ளிக்கிழமைக்கிடையில் வேண்டும். அருளம்பலத்தார் காலை எட்டு மணிக்குத் தொடங்கி, பதினொன்றரைக்கு முப்பத்திரண்டு பாட்டை முடித்தார். புகையிலைத் தோட்டத்தின் வளம், மூத்த மகன் சுவிசில், ஐந்து பேரப்பிள்ளைகளின் புலம்பல், எல்லாம் அச்சொட்டாக. பேனையை வைத்துவிட்டு வசந்தத்தின் கொப்பியைத் திறந்தார். பின்னேரம்வரை பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஆக்கள் செத்தால் எனக்கு வருகுது," என்றார். "இருந்தால் வருகுதில்லை."

நடக்கிற நேரம் என்று மட்டும் சொன்னேன்.

நடை காலையும் பின்னேரமும் கட்டாயம். வோக்கரைப் பிடித்து முற்றத்தில் மூன்று சுற்று. வசந்தம் தொடங்கிய நாளிலிருந்து அவருடைய நடை கெட்டுப்போயிருந்தது. வாய்க்குள் வெண்பாவை உருட்டிக்கொண்டே நடப்பார். ஒவ்வொரு சீர் முடிவிலும் கால் நிற்கும். இரண்டாம் வரியில் ஒரு தனிச்சொல் வருமாம். அந்த இடத்தில் தூக்கிய காலைக் கீழே வைக்காமல் அப்படியே நிற்பார். முறிந்து பொருந்தின இடுப்போடு செய்கிற வேலையா இது?

"பாட்டை நிப்பாட்டுங்கோ. நான் சொல்லுறதுக்கு நடவுங்கோ. வோக்கர், இடது, வலது. வோக்கர், இடது, வலது."

வேலிக்கு அங்கால் சின்னத்தங்கம் வேப்பம்பூக் கூட்டிக்கொண்டிருந்தா. பக்கத்து வீட்டுப் பெண், அறுபது வயது, இரண்டு வருடத்துக்கு முன் புருஷனை இழந்தவ. முற்றம் கூட்டுவதில் அவவை வெல்ல ஆளில்லை. கூட்டி முடித்து நிமிர முன்னம் மரம் திரும்பவும் கொட்டிவிடும்.

"என்ன லூர்த்தம்மா, ஆமிக்காரர் மாதிரி மனிசனை நடத்திறியள்?"

"நடக்காட்டில் உங்களுக்குத்தான் வேலை, சின்னத்தங்கம். தூக்கிறதுக்கு வரவேணும்."

"ஐயோ வேண்டாம். நடவுங்கோ அண்ணை, நல்லாய் நடவுங்கோ!"

வோக்கர், இடது, வலது. மாமரத்திலிருந்து பழமொன்று தகரத்தில் விழுந்தது. அணில் ஒன்று கிளையில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு அதைப் பார்த்தது. அருளம்பலத்தார் நிற்கப்போவதுபோல இருந்தது. நான் கத்த வாயெடுத்தேன். அவர் நிற்கவில்லை, வோக்கரை மட்டும் நிலத்தில் தட்டினார். ஒரு தட்டு, இரண்டு காலடி. ஒரு தட்டு, இரண்டு காலடி.

"உது கும்மியெல்லோ," என்றார்.

"என்னெண்டாலும் கால் ஒழுங்காய் வருகுது."

"பெட்டையள் கைகொட்டி ஆடுற சந்தம், லூர்த்தம்மா. நான் வெண்பாக்காரன். மேடையிலை போய்க் கும்மி பாடினால் என்ன நினைப்பினம்?"

"வெண்பாவுக்கு உங்கடை கால் நிக்குது. கும்மிக்கு நடக்குது. எனக்கு நடை வேணும். மிச்சத்தை நீங்கள் பாருங்கோ."

வெண்பாவைப் பற்றி அவர் எனக்கு ஒருமுறை விளங்கப்படுத்தியிருந்தார். மூன்று வரி நீளமாக வந்து, நாலாவது வரி குறுகி, பொத்தென்று கதவடைத்ததுபோல முடியுமாம். செத்தவருக்கு அது சரி. அவருக்குச் சொல்லவேண்டியது முடிந்துவிட்டது. வசந்தத்தில் அணில் இன்னும் தொங்கிக்கொண்டிருக்கிறது, கதவை எப்படி அடைப்பது? ஆனால் கும்மியில் ஒவ்வொரு வரியின் கடைசியிலும் அதை, இதை, எங்கள் என்று ஒரு சின்னச் சொல் துள்ளி, அடுத்த வரியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும். நிற்க விடாது. இதை நான் பிறகு கேட்டுத்தான் கண்டேன். அன்றைக்கு எனக்குத் தெரிந்தது, மூன்று சுற்றுக்குப் பதிலாக ஐந்து சுற்று நடந்தார் என்பது.

அன்றைக்கு ஜன்னலைத் திறக்கச் சொன்னார். நாலு நாளில் எழுதினார்.

விழா பின்னேரம் நாலு மணிக்கு என்று போட்டு ஐந்தேகாலுக்குத் தொடங்கியது. ஓட்டோவில் கூட்டிக்கொண்டு போய், மேடைக்கு ஏறும் படியில் ஒரு பலகை போட்டு ஏற்றினேன். வேட்டி கட்டியிருந்தார். நிலையத்தின் கூரைத் தகரம் பகல் முழுக்கக் குடித்த வெயிலைச் சனத்தின் மேல் ஊற்றிக்கொண்டிருந்தது. இளவேனில் இன்பம்.

முதல் நாலு கவிஞர்களும் வசந்தமே வருக வருக என்றார்கள். முதலாமவர் பன்னிரண்டு தரம் சொல்லும்வரை எண்ணினேன். பிறகு விட்டுவிட்டேன். தென்றல் எல்லாரின் பாட்டிலும் வீசியது. இரண்டு பேரிடம் தாமரைத் தடாகம் இருந்தது. சனம் நோட்டீசால் விசிறிக்கொண்டது.

தலைமைக் கவிஞர் எழுந்து, "அடுத்ததாக, எமது ஊரில் பலரையும் அன்போடு வழியனுப்பி வைத்த..." என்று சொல்லித் தடுமாறி, "கவிஞர் அருளம்பலம்" என்று முடித்துவிட்டு இருந்துகொண்டார்.

அருளம்பலத்தார் எழுந்தார். ஒரு கையால் வோக்கரைப் பிடித்தார், மறுகையில் தாள். தொண்டையை இரண்டு தரம் செருமினார்.

அந்தச் செருமலே போதுமாயிருந்தது. முன்வரிசைப் பெண்களின் கை தன்பாட்டில் இடுப்புக்குப் போய்க் கண் துடைக்கிற லேஞ்சியை எடுத்தது. சின்னத்தங்கம் முதல் ஆள். புருஷனின் கல்வெட்டை அவர் வாசித்தபோது அவ எழுப்பிய சத்தம் இன்னும் ஒழுங்கையில் பேசப்படுகிறது. அவர் வாய் திறந்ததும் அவ மூக்கை உறிஞ்சினா. பக்கத்திலிருந்தவவும் உறிஞ்சினா. பாட்டு என்னவென்று ஒருவரும் கேட்கவில்லை. குரல் அதுதான், கண்ணீரும் அதுதான். அவருக்கு முகம் வெளிறியது. வாசித்துக்கொண்டு போனார்.

வேம்பு சொரியுது பூவையெல்லாம் - அதை
வெய்யிலில் கூட்டுறா சின்னத்தங்கம்
மாம்பழம் வீழுது டொம்மென்று - அணில்
மற்றதைப் பார்த்துக்கொண் டங்கே தொங்கும்.

அழுகை நின்றது. மண்டபமே நின்றது. அருளம்பலத்தாரின் பாட்டில் பெயர் வந்தவர்கள் எல்லாரும் எங்கே இருக்கிறார்கள் என்பது அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். சின்னத்தங்கத்துக்குப் பக்கத்தில் இருந்த பெண் கதிரையைக் கொஞ்சம் தள்ளிப் போட்டா.

"என்ரை பேரெல்லே!" சின்னத்தங்கம் எழுந்து நின்றா. "ஐயோ, நான் இன்னும் சாகேல்லை! அருளம்பலத்தண்ணை, நான் உங்களுக்கு என்ன செய்தனான்? முற்றம் கூட்டினது குற்றமோ? திதியும் எழுதி வைச்சிருக்கிறியளோ?"

தலைமைக் கவிஞர் நெஞ்சில் கையை வைத்தார். சுதாகரன் ஒலிபெருக்கிக்காரருக்குக் கழுத்தை அறுப்பதுபோலச் சைகை காட்டினான். நான் அருளம்பலத்தாரின் முழங்காலைத்தான் பார்த்தேன். அவர் கதிரையில் இருந்துவிட்டால் அவ்வளவுதான். கல்வெட்டுக்காரர் மேடையேறி ஒரு மனிசியைப் பயப்படுத்தினார் என்பதுதான் ஊரில் மிஞ்சும்.

அவர் இருக்கவில்லை.

"இரும் பிள்ளை," என்றார் ஒலிபெருக்கியில். ராகமில்லாத வெறும் குரல். "ஆயிரத்து நூறு பேரை எழுதினன். ஒருத்தரும் எழும்பி நிண்டு என்னோடை கதைக்கேல்லை. நீர்தான் முதல் ஆள்."

பின்வரிசையில் ஒருவர் வெடித்துச் சிரித்தார். பிறகு எல்லாரும்.

"உயிரோடை இருக்கிற உம்மைத்தான் எழுதினனான். மிச்சத்தைக் கேளும்."

சின்னத்தங்கம் உடனே இருக்கவில்லை. யோசித்தா. "அப்ப சரி. ஆனா கூட்டுறா எண்டு போடாதேங்கோ அண்ணை. வேலைக்காரி மாதிரிக் கிடக்கு."

"பின்னை என்ன போட?"

"வெய்யிலில் மின்னுறா எண்டு போடுங்கோ!" என்று ஆண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல்.

"உந்த வாயை உடைப்பன்!" என்றா சின்னத்தங்கம். ஆனால் முகத்தில் ஒரு சிரிப்போடு இருந்தா.

அருளம்பலத்தார் வோக்கரை மேடைப் பலகையில் தட்டினார். ஒரு தட்டு, இரண்டு சின்னத் தட்டு. சனம் பிடித்துக்கொண்டது. கைதட்டலோடு அடுத்ததைப் படித்தார்.

கூவும் குயிலுக்கு வேலையில்லை - எங்கள்
கோப்பாய்க் கிணற்றிலே தண்ணியில்லை
ஆவணி மட்டும் மழையுமில்லை - இதை
ஆரோ வசந்தமென் றார்பிள்ளை!

கிணற்றில் தண்ணீர் இருந்தது. அன்று காலை நான்தான் அள்ளினேன். ஆனால் அதைச் சொல்ல அது இடமல்ல. பத்து நிமிடம் இருபது நிமிடமானது. நின்றுபோன மின்விசிறியும், சுதாகரனின் காதுப் போனும், இளவேனில் தலைப்புக்குள் வேர்த்துக்கொண்டிருந்த நாலு கவிஞர்களும் அந்த இடத்திலேயே கட்டின வரிகளில் வந்து போனார்கள். இடையிடையே "எங்கடை மாமரத்தையும் போடுங்கோ", "என்ரை ஆட்டையும் போடுங்கோ" என்று சத்தம் வந்தது. போன மாதம்வரை அவர் தங்கள் பெயரைக் கேட்டாலே ஓடியவர்கள்.

இறங்கும்போது சுதாகரன் வந்து கையைப் பிடித்தான். "வாற வருசமும் நீங்கள்தான் ஐயா."

"இருந்தால்," என்றார் பழக்கதோஷத்தில். சுதாகரன் கையை எடுத்துவிட்டான்.

படலையில் ஓட்டோவிலிருந்து இறங்கும்போது கேட்டார்.

"கடைசியிலை ஒருத்தரும் அழேல்லை, என்ன?"

"ஒருத்தரும் அழேல்லை."

"சிரிச்சது எனக்கோ, பாட்டுக்கோ?"

"அரைவாசி அரைவாசி. காலைப் பார்த்து வையுங்கோ, படி."

திங்கட்கிழமை காலை அச்சகக்காரரின் போன் வந்தது. கரவெட்டியில் ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர். வியாழனுக்கு வேண்டும். அருளம்பலத்தார் விபரங்களை எழுதிக்கொண்டார். பிறகு, "கடைசிப் பக்கத்திலை, ஆக்கம் கவிஞர் கோப்பாய் அருளம்பலம் எண்டு போடவேணும்" என்றார்.

வீட்டுக்காரரைக் கேட்கவேண்டும், இதுவரை அப்படி வழக்கமில்லை, இடமும் இல்லை என்று அச்சகக்காரர் இழுப்பது எனக்கே கேட்டது.

"பேரில்லையெண்டால் வெண்பாவுமில்லை தம்பி. கேட்டுச் சொல்லும்."

அரைமணித்தியாலத்தில் திரும்ப எடுத்தார்கள். சம்மதம். எழுத்து எந்த அளவில் போடுவது என்று கேட்டார்கள்.

"செத்தவரின்ரை பேரைவிடச் சின்னனாய்ப் போதும்," என்றார்.

போனை வைத்ததும் பிறசர் பார்த்தேன். நூற்று நாற்பதுக்கு எண்பத்தெட்டு. கொஞ்சம் கூடத்தான். உப்பைக் குறைத்தேன்.